மைக்குக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல்

என் மருமகளின் நாய்க்கு எங்கள் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் நூற்றெண்பது வண்டிகளின் நேரமும் மனப்பாடம். இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நூற்றெண்பதும் தெரியாது. ஒன்றே ஒன்றுதான் தெரியும், மதியம் இரண்டு மணி வண்டி. அதை அறிவித்து முடித்ததும் மருமகளுக்கு வேலை முடியும், வீட்டுக்குப் போனால் நாய்க்குச் சாப்பாடு. அந்த ஒன்றை அது ஒரு நாள் கூடத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்ட நாய்க்கு மீதி நூற்று எழுபத்தொன்பதும் தெரியும் என்று சொல்வதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

மருமகளை வீட்டில் எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவோம். நிலையத்தின் மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கண் தெரியாது. நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல் வைத்த அறையை எனக்குப் போய்க் கொடுத்திருக்கிறார்களே என்று சிரிப்பாள். அறையில் சுவரோடு பதித்த ஒரு பலகை, அதன்மேல் மைக், பக்கத்தில் மணிப் பொத்தான், பிரெயில் புள்ளிகள் குத்திய அட்டைக் கட்டு, சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. இவ்வளவுதான். அந்தச் சக்கர நாற்காலியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது தானாகவே வரும்.

அவளுக்கு இரண்டு குரல். மைக்கில் பேசும் குரல் ஒன்று. பொத்தானை அழுத்தி, டிங் டாங் என்று மணி அடித்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், கைக்குழந்தை கூட அழுகையை நிறுத்திவிட்டுத் தன் பெட்டி எங்கே என்று பார்க்கும். இன்னொன்று வீட்டுக் குரல். அது பஞ்சு. யாரையும் எதற்கும் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கிற குரல். "முடிஞ்சா, கையில வேற வேலை இல்லன்னா, கொஞ்சம் அந்தத் தண்ணிய எடுத்துத் தர்றீங்களா" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தாகம் எடுத்துவிடும்.

என் மகனுக்குப் பூட்டு, சாவி வேலை. ஒரு காலத்தில் அவன் அந்த நிலையத்தில் நின்றுகொண்டு மைக் குரலைக் கேட்டபடியே பதினாலு வண்டிகளைத் தவறவிட்டான். பிறகு படியேறிப் போய், உங்கள் கதவில் பூட்டு சரியில்லை, மாற்றித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறான். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. மாற்றி முடிக்க அவனுக்கு எட்டு மாதம் பிடித்தது. ஒன்பதாவது மாதம் கல்யாணம்.

கல்யாணமான புதிதில் அவள் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள். எங்கள் தெருவில் நடைபாதை என்பது வண்டி நிறுத்துகிற இடம். ஏதோ ஒரு சக்கரத்தின் அடியில் அகப்பட்டு மூன்று கோல்கள் முறிந்தன. மூன்றாவது முறிந்த அன்று மகன் ஸ்கூட்டர் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து அவன்தான் கொண்டு விடுவான், அவன்தான் கூட்டி வருவான். அவள் படி ஏறும்வரை கீழே நிற்பான், ஏறி உட்கார்ந்ததும் ஒரு போன். அவள் ஒரு சீப்பு வாங்கினாலும் என்ன நிறம், எத்தனை பல், இது எதற்கு என்று மூன்று பேர் அபிப்பிராயம் சொல்லியாகிவிடும். அந்த மூவரில் நான் இரண்டு பேர்.

ஒரு நாள் மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள். "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு அத்தை. நான் ஒரு தடவை கூடத் தொலைஞ்சு போனதில்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லாமல் ஏதாவது ஓர் இடத்துக்குத் தனியாகப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும், எங்கே என்று யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என்றாள். அதற்காக வழிகாட்டி நாய் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். அதையும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று வருஷம் காத்திருந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை, நாய் வந்து வாசலில் நின்றபோதுதான் எங்களுக்கே தெரியும்.

கறுப்பு நாய். உள்ளே வந்து, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, இந்த வீட்டு நிர்வாகத்தில் சில குறைகள் இருக்கின்றன என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அந்த நிமிஷமே அதற்கு ஆபீசர் என்று பெயர் விழுந்துவிட்டது. கூடவே வந்தவள் பயிற்சி கொடுக்கிற வாத்தியாரம்மா. ஒல்லி, கையில் நோட்டு, வாயில் வார்த்தை கிடையாது. எது நடந்தாலும் "ம்" என்பாள். நல்ல ம் எது, கெட்ட ம் எது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

சட்டம் மட்டும் தெளிவாகச் சொன்னாள். மொத்தம் பதினாலு நாள். இடது, வலது, நேரா, நில், வீட்டுக்கு என்று கட்டளைகள் ஐந்து. மைக்கைத் தவிர வேறு யாரும் நாய்க்குச் சாப்பாடு போடக் கூடாது, தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, பார்க்கக் கூடாது. பதினாலாம் நாள் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்க வேண்டும், வேலை முடியும்வரை நாய் அவள் காலடியில் சும்மா கிடக்க வேண்டும். சரியாக வந்தால் நாய் அவளுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. மறுபடி இவள் முறை வர இன்னும் மூன்று வருஷம்.

வீட்டில் ஒரு ஜீவன் இருக்கும்போது இல்லாததுபோல நடந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மகன் விட்டத்தைப் பார்த்து, இன்றைக்கு யாருக்கோ காது அழகாக இருக்கிறதே என்பான். நான் அலமாரியிடம், சிலருக்குத் தரை சில்லென்று இருக்குமே, ஒரு விரிப்புப் போட்டால் என்ன என்று கேட்பேன். வாத்தியாரம்மா நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் ம் என்பாள். அது கெட்ட ம்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. நிஜமான தொல்லை தெருவில் காத்திருந்தது. முதல் நாள் நாயின் முதுகுப் பட்டையில் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மைக் தன் பஞ்சுக் குரலில், "சிரமமில்லன்னா கொஞ்சம் இடது பக்கம் போறியாப்பா" என்றாள். ஆபீசர் யோசித்துப் பார்த்தது. சிரமமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து படுத்துக்கொண்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் கெஞ்சிய கெஞ்சலில் பக்கத்து வீட்டுக்காரர் மனம் கரைந்து அவராகவே இடது பக்கம் போய்விட்டார். நாய் அசையவில்லை. நாயைக் கெஞ்சாதீர்கள், ஒரே மாதிரி, தெளிவாக, ஒரு தடவை சொல்லுங்கள் என்றாள் வாத்தியாரம்மா. அவள் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதை அன்றுதான் கேட்டோம்.

நாலாம் நாள் மைக்குக்குப் பொறுமை போய்விட்டது. தெரு முனையில் நிமிர்ந்து நின்றாள். வாயாலேயே டிங் டாங் என்றாள். "கனிவான கவனத்திற்கு. இடது."

ஆபீசர் துள்ளி எழுந்து, காதை விறைத்துக்கொண்டு, இடது பக்கம் ராணுவ நடை நடந்தது.

அன்றிலிருந்து ஊருக்கே நல்ல வேடிக்கை. அவள் எந்தத் தெருவில் டிங் டாங் என்றாலும் அங்கே இருப்பவர்கள் சட்டைப் பையில் டிக்கெட்டைத் தேடினார்கள். டீக்கடையில் ஒருவர் பாதி டீயை வைத்துவிட்டு இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் மூச்சிரைக்கத் திரும்பி வரும்வரை கடைக்காரர் டீயை மூடி வைத்திருந்தார். அதெல்லாம் யாருக்கு என்ன கவலை. நாய் நடந்தது. நின்ற வண்டிகளைச் சுற்றிக்கொண்டு, திறந்த சாக்கடையை ஒதுக்கி, படி வந்தால் நின்று, அப்படி நடந்தது. மைக் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முகம் பளபளவென்று இருக்கும். வாத்தியாரம்மா மட்டும் நோட்டில் எதையோ எழுதி அடிக்கோடு போட்டாள்.

அந்த அடிக்கோட்டுக்கு அர்த்தம் பத்தாம் நாள் தெரிந்தது. அன்றுதான் ஆபீசர் முதல்முறையாக வேலைக்குப் போனது. நானும் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, சும்மா மூன்றாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கினேன்.

நாயின் வாரை மேஜைக் காலில் மாட்டச் சொல்லியிருந்தாள் வாத்தியாரம்மா. சுவரில் பதித்த பலகைக்குக் கால் ஏது? அவள் படியேறி வருவதற்குள் மைக் வாரைத் தன் நாற்காலியின் கையில் மாட்டிவிட்டாள். சக்கரம் வைத்த நாற்காலி. ஒன்பதரை மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது. பொத்தானை அழுத்தினாள்.

டிங் டாங். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

கட்டளை வந்துவிட்டது என்று ஆபீசர் எழுந்து கிளம்பிவிட்டது. பாவம், அதற்குத் தெரிந்தபடி இந்தக் குரல் கேட்டால் நடக்க வேண்டும். கீழே இருந்த எங்களுக்கு ஒலிபெருக்கியில் கேட்டது இதுதான். ஒன்பதரை மணிக்குப் புறப்படும் வண்டி என்று ஆரம்பித்த குரல் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போய், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து, "பன்னிரண்டாம் நடைமேடை" என்றது. பிறகு சக்கரம் உருளும் சத்தம். பிறகு கதவு. பிறகு தூரத்திலிருந்து, ஆனால் நல்ல கணீரென்று, "நில், நில், நில்."

நாய் நின்றது. கூடவே நிலையத்தில் நகர்ந்துகொண்டிருந்த பதினேழு வண்டிகளும் நின்றன. சரி, நாலு. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரல் சொல்வதைக் கேட்டுப் பழகிய ஓட்டுநர்கள், வேறு என்ன செய்வார்கள்? நிலைய அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே போனார். மைக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாடிப்படிக்கு இரண்டடி முன்னால் இருந்தாளாம், கையில் பிரெயில் அட்டையோடு.

வாத்தியாரம்மா அன்று வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து பேசினாள். நாய்மேல் தப்பில்லை. ஆனால் மணிக்கு இருபது தடவை அவள் மைக்கில் பேசும்போதெல்லாம் அது வேலைக்கு எழுந்தால் ஓய்வே இருக்காது, ஒரு மாதத்தில் குழம்பிப் போகும். குழம்பின நாயை நம்பித் தெருவில் இறங்க முடியாது. அலுவலகக் குரல் வேறு, நாய்க் குரல் வேறாக இருக்க வேண்டும். நாலு நாள் இருக்கிறது. முடியவில்லையென்றால் நாயைக் கூட்டிப் போய்விடுவேன் என்றாள்.

மைக்கிடம் இருந்ததே இரண்டு குரல்தான். ஒன்று ஊருக்கு, ஒன்று கெஞ்ச. மூன்றாவதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

வீடே சேர்ந்து குரல் தேடியது. முதலில் என் மகனைப் போலப் பேசிப் பார்த்தாள். நாய் நேராகப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து என்னைப் போலப் பேசினாள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, மகன் எழுந்து நின்று, "என்னம்மா?" என்றான், பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். இனிமேல் இந்தக் குரல் வேண்டாம் என்று வாத்தியாரம்மாவே கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் மெதுவாக, வேகமாக, மூக்கால், பாட்டாக எல்லாம் ஆகிவிட்டது. எதற்கும் ஆபீசர் ஒரு கண்ணைத்தான் திறந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது மைக் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மகனும் சாப்பிடவில்லை. அவன் துக்கம் வேறு என்று எனக்குத் தெரியும். நாய் தங்கிவிட்டால் ஸ்கூட்டரின் பின்சீட் காலியாகிவிடுமே என்கிற துக்கம். அதை வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம்.

பதின்மூன்றாம் நாள் கடைசி ஒத்திகை. மகன் கடையை விட்டு நகர மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். அவள் தெருவில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் அவன் தபால் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தபால் பெட்டி என் இடுப்பு உயரம். என் மகன் ஆறடி. ஊர் முழுக்க அவனைப் பார்த்தது. ஆபீசருக்குப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவன் சட்டைப் பையில் பித்தளைத் தூளும் ரஸ்க் துகளும் எப்போதும் இருக்கும். அந்த ரஸ்க்கை நாய்க்குக் கொடுக்கவே இல்லை, அது கையிலிருந்து தானாக விழுந்தது, ஒரு ஆறேழு தடவை விழுந்திருக்கும் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

நாய் நடைபாதையை விட்டுத் திரும்பி மைக்கை இழுத்துக்கொண்டு தபால் பெட்டியை நோக்கிப் போனது. அவளுக்குக் கால் இடறியது. விழவில்லை, ஆனால் விழுவதற்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். முப்பதடி பின்னால் வாத்தியாரம்மா நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மைக்கின் காதிலும் விழுந்தது. முன்னாலிருந்து பூட்டுக்குப் போடும் எண்ணெய் வாசனை வந்தது.

அவள் நிமிர்ந்து நின்றாள். மணி அடிக்கவில்லை. கனிவான கவனம் எதையும் கேட்கவில்லை. சிரமமில்லன்னா, முடிஞ்சா என்று எதுவும் முன்னால் வரவில்லை. சத்தமும் போடவில்லை.

"வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான். கல்யாணமான இருபது வருஷத்தில் என் மகன் கேட்டறியாத குரல். அவன் தபால் பெட்டியை விட்டு விலகி, திரும்பி, வீட்டைப் பார்த்து நடந்தான். ஆபீசரும் திரும்பி, காதை விறைத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தது. முன்னால் மகன், பின்னால் நாய், அதற்குப் பின்னால் மைக், கடைசியில் நோட்டை மறுபடி திறந்துகொண்டு வாத்தியாரம்மா. ஊர்வலம் வாசலுக்கு வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். வாத்தியாரம்மா ம் என்றாள். அது நல்ல ம். எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல், அந்தக் குரல் மரியாதையோடுதான் பிறந்தது, இனி மரியாதை இல்லாமல் வராது. அதனால் இன்றுவரை ஆபீசருக்குக் கட்டளைகள் எல்லாம் இப்படித்தான் போகின்றன. இடது போங்க. வலது போங்க. நில்லுங்க. எங்களை நீ, வா, போ என்று கூப்பிடுகிற எதிர்வீட்டுக்காரர்கள் கூட நாயைப் பற்றிக் கேட்டால் சார் இருக்காரா என்கிறார்கள்.

பதினாலாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அந்த நாளின் பெருமை. அவள் நடந்தாள், நாய் நடந்தது, வாத்தியாரம்மா முப்பதடி பின்னால் நடந்தாள். கண்ணாடி அறையில் சுவரில் புதிதாக அடித்த ஒரு கொக்கியில் வாரை மாட்டினாள். கொக்கி என் மகன் முந்தின நாள் போய் அடித்தது, எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாமல் எட்டே நிமிஷத்தில். டிங் டாங் அடித்தது. ஆபீசர் ஒரு கண்ணைத் திறந்தது, மூடியது. பத்தரை மணி அறிவிப்பின்போது நிலையம் முழுக்க ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைய அதிகாரி என்றுதான் நினைத்தார்கள். இரண்டு மணிக்கு வாத்தியாரம்மா கையெழுத்துப் போட்டு, மைக்கின் கையைக் குலுக்கிவிட்டு, இரண்டு மணி வண்டியிலேயே ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷ நடை. இரண்டரைக்கு மகன் வாசலுக்கு வந்தான். மூன்று மணிக்கு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான், நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மூன்றேகாலுக்கு அவன் தானே ஒரு சாவி செய்துகொள்வானோ என்று பயந்தேன். மூன்று நாற்பதுக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நாய் வயிறுவரை ஈரம். அவள் தலைமுடியில் ஒரு இலை. எங்கே போயிருந்தாய் என்று மகன் கேட்டான். போய்விட்டு வந்தேன் என்றாள். எங்கே என்று நானும் கேட்டேன். பசிக்கிறது என்றாள்.

எனக்குத் தெரியாதா என்ன. ஏரிக்கரைக்குப் போகும் ஒன்பதாம் நம்பர் வண்டியை அவள் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் நாலு தடவை அறிவித்திருக்கிறாள். ஒரு தடவை கூட அதில் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறியிருக்கிறாள். ஓட்டுநர் அவள் குரலைக் கண்டுகொண்டு, முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்து உட்கார வைத்திருப்பார். ஏரிக்கரை மரத்தடியில் இலை விழுந்திருக்கிறது. ஆபீசர் தண்ணீரில் இறங்கி அந்த ஏரி நிர்வாகத்தின் குறைகளைப் பார்வையிட்டிருக்கிறது. கரையில் அவள் நின்றுகொண்டு, மைக் இல்லாமல், மணி இல்லாமல், யாருக்கும் எந்த நேரமும் சொல்லாமல் சும்மா இருந்திருக்கிறாள்.

இதுவரை எழுதியதை மகன் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். ரஸ்க் வருகிற இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமினான். மைக் தரையில் உட்கார்ந்து ஆபீசருக்கு முடி வாரிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை வந்ததும் சீப்பு நின்றது.

"ஏரிக்கெல்லாம் போகல அத்தை. ரெண்டாவது திருப்பத்துல நான்தான் வலதுன்னு தப்பா சொல்லிட்டேன், இவரு சொன்னபடி கூட்டிட்டுப் போயிட்டாரு. யாரோ செடிக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தாங்க, அதான் ஈரம். அப்புறம் எந்தத் தெருன்னே தெரியல. ஒரு மணி நேரம் நல்லாத் தொலைஞ்சு போயிருந்தோம்."